விடுவிக்க இயலாது

என்னிடம் வேலை பார்த்த ஓர் உதவிப் பேராசிரியைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு மாதம் படிக்கக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பை நான் தடுத்தேன். அவருக்குப் பதிலாக என் சொந்தக்காரன் ஒருவனை அனுப்பினேன். பல வருடங்கள் கழித்து, அவருடைய பதவி உயர்வு நேர்காணலில், நடந்தது இதுதான் என்று சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டுமே நான் தெரிந்து செய்தவை. சந்தர்ப்பம், சூழ்நிலை என்று மெருகு போட்டுச் சொல்லவும் எனக்கு வரும். வாழ்நாள் முழுக்க மேடையில் பேசிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தப் பேச்சின் மேலேயே இப்போது எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

பொள்ளாச்சிப் பக்கம் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் ஒன்றுக்கு நான் தலைவராக இருந்தேன். ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டுபிடித்ததைத் தோட்டத்துக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர்களுடைய கஷ்டத்தைப் பல்கலைக்கழகத்தின் காதுக்குக் கொண்டுவருவதும் எங்கள் வேலை. ஒரு ஜீப், ஒரு மண் பரிசோதனைக் கூடம், ஒரு பயிற்சி அறை, ஏழெட்டு ஆசிரியர்கள். எங்களில் பாதிப் பேர் மையத்தின் கேட்டைத் தாண்டுவதில்லை. மீதிப் பேர் செய்த வேலையைக் காட்டித்தான் மையம் நல்ல பெயர் வாங்கியது.

ஊருக்கெல்லாம் பயிற்சி கொடுக்கும் நாங்கள் எங்களுக்கான பயிற்சிக்கு ஆள் அனுப்பிய விதத்தைச் சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். பெயர் கொடுக்கக் கடைசி நாள் அன்றைக்கோ மறுநாளோ இருக்கும். நான் அறையை விட்டு வெளியே வந்து அலுவலகக் கண்காணிப்பாளரிடம், “யாருங்க சும்மா இருக்காங்க?” என்று கேட்பேன். சும்மா இருப்பவர் பெயர் போய்விடும். யாருக்கு இந்தப் பயிற்சி வேண்டும், யார் இதைக் கற்றுக்கொண்டு வந்தால் ஊருக்கு நல்லது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. வேலை செய்கிறவரை விட்டால் வேலை நின்றுபோகும். அதனால் அவர் பெயருக்கு நேராக ‘நிர்வாகக் காரணங்களால் விடுவிக்க இயலாது’ என்று எழுதி அனுப்புவேன். சும்மா இருந்தவர்கள் ஹைதராபாத், டேராடூன் என்று போய், ஒரு பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கண்காணிப்பாளர் குசும்புக்காரர். “சார், நம்ம ஆபீஸ்ல வேலை செஞ்சா ஜீப்புங்க, செய்யலைன்னா ஏரோப்ளேனுங்க” என்றார் ஒரு நாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் போட்டோவுக்கும் சான்றிதழுக்கும் பதவி உயர்வில் மதிப்பெண் உண்டு என்பது சிரித்த எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் தடுத்து வைத்த அந்த உதவிப் பேராசிரியை தாராபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அமராவதிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவும் களையெடுப்பும் செய்தவர்கள். என் குடும்பம் அப்படி ஆட்களைக் கூலிக்கு வைத்திருந்த குடும்பம். மையத்தில் இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாததால் அது இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மற்றப் பேராசிரியைகளை நான் ‘மேடம்’ என்பேன். இவரை மட்டும் ‘அம்மணி’ என்பேன். நம் ஊரில் பிரியமாகச் சொல்கிற சொல்தானே என்று எனக்குச் சமாதானம். அந்தப் பிரியம் மற்ற மேடங்கள் மேல் எனக்கு ஏன் வரவில்லை என்று யோசிக்க எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது.

சில தோட்டங்களில் எங்களுக்குக் கட்டிலை எடுத்துப் போட்டு இளநீர் வெட்டுவார்கள். எனக்கு இளநீர் வரும். அவருக்குப் பேப்பர் கப்பில் டீ வரும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இளநீரைக் குடித்து முடித்தேன். கூட்டம் முடிந்து ஜீப்பில் திரும்பும்போது, “இன்னைக்கு நல்ல கூட்டம் அம்மணி” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “ஆமாங்க சார், டீயில சக்கரைதான் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

தென்னைக்கு வெள்ளை ஈ வந்த வருடம் அவர் உழைத்த உழைப்பு எங்கள் எல்லோருடைய உழைப்பையும் சேர்த்தாலும் வராது. ஓலையின் அடிப்பக்கம் பூராவும் மாவு கொட்டியது போல வெள்ளை. அது வடிக்கும் பிசினில் கரும்பூசணம் ஏறி, மரம், ஊடுபயிர், கீழே நிற்கும் ஸ்கூட்டர் எல்லாம் கரி அப்பியது போல ஆகிவிடும். பதறிப்போன விவசாயிகள் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி அடித்தார்கள். அடித்த மருந்தில் அந்த ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து, ஈ இன்னும் பெருகியது. இவர் தோட்டம் தோட்டமாகப் போய், மருந்து அடிக்காதீங்க, தண்ணியைப் பீய்ச்சி அடிங்க, மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்க, கரும்பூசணத்துக்கு மைதாவைக் காய்ச்சிக் கரைச்சுத் தெளிங்க என்று சொன்னார்.

ஆனைமலைப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ஏனுங்க, புரோட்டாவுக்குப் போடற மைதாவக் கொண்டுபோயி மரத்துக்கு அடிக்கச் சொல்றீங்களே, மேல சால்னாவும் ஊத்தணுமுங்களா?” என்றார்.

“சால்னாவ நீங்க வெச்சுக்கங்க. மரத்துக்கு மைதா மட்டும் போதுமுங்க” என்றார் இவர்.

கூட்டமே சிரித்தது. அவர் சொன்னதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே பாதிப் பேர் மருந்துக் கடையில் நின்றார்கள். ஜீப்பில் திரும்பும்போது அதைக் கண்ணால் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பயிற்சிக்கான சுற்றறிக்கை வந்தது. விரிவாக்க ஆசிரியர்களுக்கென்றே ஏற்பட்டது. வளர்ந்த மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு விவசாயி ஒருவர் பேச்சை எதை வைத்து நம்புகிறார் என்பதைப் பற்றிய படிப்பு. செலவெல்லாம் அவர்களுடையது. மையத்துக்கு ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கலாம். வயது வரம்பு உண்டு. அவர் நேராக என் அறைக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

“சார், சுற்றறிக்கை பாத்திருப்பீங்க. எனக்குப் போகணுமுங்க. இந்த வருஷத்தோட எனக்கு வயசு முடியுதுங்க.”

“பாத்தேன் அம்மணி. அவ்வளவு தூரம் போயி என்ன படிக்கப் போறீங்க? இங்கயே நல்லாத்தானே பண்றீங்க.”

“நல்லாப் பண்ணலைங்க சார். நான் சொல்றது சரின்னு எனக்குத் தெரியுது. அவங்களுக்கும் தெரியுது. அப்பறமும் ஏன் கடைக்காரர் பேச்சக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியலை. அதத்தான் படிக்கணும்.”

இதைவிடச் சரியான காரணத்தோடு யாரும் என்னிடம் ஒரு பயிற்சிக்கு அனுமதி கேட்டதில்லை. நான் சொன்னது: “பாக்கலாம் அம்மணி. உழவர் தினம் வேற வருது. பெரிய ஆளுங்க எல்லாம் வாராங்க. மகளிர் குழுவெல்லாம் நீங்க கூப்பிட்டாத்தான் வரும்.”

“கூட்டம் சேக்கறதுக்குத்தான் என்னை வெச்சிருக்கீங்களா சார்?”

“கோவிச்சுக்காதீங்க. பாக்கலாம்னுதானே சொல்றேன்.”

“பாக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் இந்தப் பக்கத்து ஆளுதானுங்க.”

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்வதில்லை. குரலை உயர்த்துவதில்லை. ‘ங்க’ போட்டு, சிரித்து, காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லி, ஒருவருடைய வாழ்க்கையை நிறுத்தி வைத்துவிட எங்களால் முடியும். எங்கள் மரியாதையை ஊரே மெச்சுகிறது. அந்த மரியாதைக்கு அடியில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். அன்று நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால்கூட அவர் மேலிடத்தில் புகார் கொடுத்து ஜெயித்திருப்பார். ‘பாக்கலாம் அம்மணி’ என்றதைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது?

காரணம் உழவர் தினம் இல்லை. அவர் இல்லாத நான்கு மாதத்தில் மையத்தில் வேலை எதுவும் நடக்காது, நான் ஒன்றுமில்லாதவன் என்பது தெரிந்துபோகும் என்ற பயம் ஒன்று. நானே வெளிநாடு போனதில்லை. என்னிடம் கையெழுத்துக்கு நிற்கிறவர் போய்வந்து என் எதிரில் சரிசமமாக உட்காருவார் என்ற எரிச்சல் இன்னொன்று. அவர் வேறு குடும்பத்தில் பிறந்திருந்தால் அந்த எரிச்சல் அவ்வளவு வந்திருக்குமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். வந்திருக்காது.

மண் பரிசோதனைக் கூடத்தில் ஒருவன் இருந்தான். எனக்கு மாப்பிள்ளை முறை. கெட்டவன் இல்லை, சோம்பேறி. அவனைக் கூப்பிட்டேன். அவனுக்கே ஆச்சரியம்.

“ஏனுங்க மாமா, நான் போயி அங்க என்னங்க பண்றது? பயங்கரமாக் குளிருமாமுங்க. சோறு கிடைக்குமுங்களா?”

“போயிட்டு வா. இங்க சும்மாதான இருக்கற?”

போனான். வந்தான். பல்லடத்தில் கோழிப் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் அங்கே எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினான். பச்சைப் புல்வெளியில் கொழுத்த மாடுகள். கூட்டத்தில் ஒருவர், “மாடு லட்சணமா இருக்குதுங்க தம்பி. எங்க கோழிக்கு என்னங்க சேதி?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தள்ளி அந்த அம்மையார், மடியில் கை வைத்துக்கொண்டு, அந்த மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். வெளிநாட்டுப் பயிற்சி கொடுத்த மதிப்பெண்ணில் அவன் சீக்கிரமே பேராசிரியரானான். என் நாற்காலிக்கு வந்தான். அவர் அவனுக்குக் கீழே இணைப் பேராசிரியராக இருந்தார். கொரோனாக் காலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கிடைத்த வகுப்பையெல்லாம் படித்தாராம். அவை கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசியில் அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வந்தது. கோயம்புத்தூரில் அந்தத் தேர்வுக் குழுவில் வெளி நிபுணராக உட்கார என்னைக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு முன்னால் டீயும் முந்திரி பிஸ்கட்டும் இருந்தன. அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு எல்லோருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் அவர் கொடுத்த விவரங்களைப் புரட்டிவிட்டு, “என்னம்மா, நீங்க விரிவாக்கத்துறை. ஊருக்கெல்லாம் கத்துக் குடுக்கறீங்க. நீங்க போயி ஒண்ணும் கத்துக்கலையே? இத்தனை வருஷத்துல சொல்லிக்கற மாதிரி ஒரு பயிற்சிகூட இல்லையே. ஆர்வமில்லையா?” என்று கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் விண்ணப்பிச்சேனுங்க. விடுவிக்கலைங்க.”

“யாரு விடுவிக்கலை?”

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. நீயே சொல் என்று பார்த்தார். நான் டீக் கோப்பையைத் தட்டில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன். என்ன சொன்னேன் தெரியுமா? “தென்னையில் வெள்ளை ஈ மேலாண்மை பத்திச் சொல்லுங்க அம்மணி” என்றேன். அவருக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேட்டு உதவி செய்ததாக அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு. இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

அவர் வெள்ளை ஈயைப் பற்றிச் சொன்னார். அழகாகச் சொன்னார். குழு தலையாட்டியது. பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். அவர் அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். விசாரணைக்கு முன்னால் என் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

“மாமா, உங்களையும் கூப்பிடுவாங்க போல. ஒண்ணும் பெருசா இல்லீங்க. அந்த மேடமே ஊட்டுல கஷ்டம், போக முடியலைன்னு அப்ப சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. முடிஞ்சுரும்.”

“அவங்க அப்படிச் சொல்லவே இல்லையேடா.”

“சொல்லலைதானுங்க. நீங்க சொன்னா நம்புவாங்கல்ல.”

மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டான். நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. போனை வைத்த பிறகு எனக்கு அவன் மேல் வந்த கோபம் சிறிது நேரம்தான் இருந்தது. இந்தப் பொய்யை என்னிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அவனுக்குத் தெரிந்த நான் எப்படிப்பட்ட ஆள்? அவனைப் பழக்கியதே நான்தானே.

விசாரணைக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் எனக்குப் பழக்கமானவர்கள். மேல்முறையீடு செய்தவர் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், அப்ப நிர்வாகக் காரணங்களால விடுவிக்க இயலாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அது என்ன காரணம்னு ஞாபகமிருக்குதுங்களா?”

“நிர்வாகக் காரணம் எதுவும் இல்லைங்க. நான்தான் காரணம்.”

“புரியலைங்க சார்.”

“அவங்க நல்லா வேலை செஞ்சாங்க. விட்டா எனக்குக் கஷ்டம். அதனால விடலை. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் விடலை. வெளிநாட்டுக்கு என் சொந்தக்காரனை அனுப்பினேன். அவனுக்கு அதுல விருப்பம்கூட இல்லை. அன்னைக்கு நேர்காணல்ல இதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை.”

ஓரத்தில் இருந்தவர் மெல்லச் சிரித்து, “மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க சார். நிர்வாகத்துல இருந்தா நாம எல்லாருமே அப்படித்தானே பண்ணியிருக்கோம்” என்றார்.

நான் கத்திவிட்டேன். “அப்ப எல்லாரும் இங்க வந்து நின்னு சொல்லுங்கய்யா! எத்தன பேரை இப்படி நிறுத்தி வெச்சோம்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க! திறன் மேம்பாடுன்னு பேனர் கட்டறோமே, யாரோட திறன்? வேலை செய்யத் தெரியாதவனை ஊர் சுத்த அனுப்பிச்சுட்டு, தெரிஞ்சவங்ககிட்ட சான்றிதழ் எங்கன்னு கேக்கறோம். வெக்கமா இல்லை?”

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். “பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா சார்?” என்று விசாரித்தார்கள். வெளியே காரிடார் வரைக்கும் ஒருவர் கூடவே வந்து, “இந்த வயசுல வந்து ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும் சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறத் தோன்றியது. உதறவில்லை.

முடிவு சில வாரத்தில் வந்தது. நான் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. போய்வந்த பயிற்சிக்கு மதிப்பெண் கொடுக்க விதி இருக்கிறது, மறுக்கப்பட்ட பயிற்சிக்கு மதிப்பெண் கொடுக்க விதி இல்லை. மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. அவ்வளவுதான். விதியை எழுதியவர்கள் எல்லோரும் என்னைப் போல ஒரு நாற்காலியில் இருந்தவர்கள்.

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் என் மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பந்தியில் சின்ன வயதிலிருந்து என்னோடு பழகிய ஒருவர் வடையைப் பிட்டுக்கொண்டே, “என்னங்க, ஊட்டு ஆளையே கவுத்துப்போட்டீங்களாமே. யாருக்காகங்க?” என்றார். அந்த ‘யாருக்காக’ எதைக் குறித்தது என்று அங்கே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க மையத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை.

“நான் சொன்னதால உங்களுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமப் போச்சு மேடம்” என்றேன். மேடம் என்று சொன்னதை அவர் கவனித்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அது நட்பான சிரிப்பு இல்லை.

“அன்னைக்கு உள்ள உங்களுக்குத் தண்ணி குடுத்தாங்க, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. பாத்தீங்களா சார்? என்னை உக்காரச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் தோணலை. என் கேசுங்க அது.”

எனக்கும் தோன்றவில்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். “நான் இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க” என்றேன்.

அவர் யோசித்தார். “இனிமே எந்தத் தேர்வுக் குழுவுலயும் போயி உக்காராதீங்க. அப்பறம் ஒண்ணு. எங்கம்மா தாராபுரத்துல இருக்குது. கூடப் படிச்சவங்க எல்லாம் பெரிய பேராசிரியர் ஆயிட்டாங்க, வெளிநாடு போயிட்டு வந்துட்டாங்க, இவ ஏதோ தப்புப் பண்ணித்தான் இவள மட்டும் ஒதுக்கி வெச்சிருக்காங்கன்னு அது நெனைக்குது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. அவ்வளவு பெரிய ஆபீசருங்க காரணமில்லாம அப்படிச் செய்வாங்களாங்குது. நீங்க வந்து சொல்லுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காரில் போக வேண்டாம் என்று எனக்கே தோன்றியதால் பஸ்ஸில் போனேன். அரசு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீட்டை அவர் பெரிதாக இழுத்துக் கட்டியிருந்தார். அந்த அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டு வலி என்றார் மகள். எங்களைப் போன்ற ஆள் வாசலில் வந்து நின்றால் அந்தத் தலைமுறை எழுந்து நின்றுவிடும். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அதை என் கண் உடனே கவனித்தது. கவனித்த கண்ணின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

“அம்மா, இவருதான் எங்க பழைய ஆபீசர். உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

நின்றபடியே சொன்னேன். வெளிநாட்டுக்கு உங்கள் மகள்தான் போயிருக்க வேண்டும், நான் வேண்டுமென்றே விடவில்லை, அதனால்தான் பெரிய பதவியும் கிடைக்காமல் போயிற்று, அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம்புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலைங்கம்மா.”

“இப்ப அனுப்புவாங்களா அந்த ஊருக்கு?”

“வயசு தாண்டிப்போச்சுங்க.”

“அந்தப் பெரிய வேலை?”

“அதுவும் இல்லைன்னுட்டாங்க.”

“அப்ப எதுக்குங்க வந்தீங்க?”

உங்கள் மகள் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

“எம்புள்ள மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா?” என்றார். மகளைப் பார்க்காமல் சொன்னார். மகளும் அவரைப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம், “பஸ்ஸு வர்ற நேரமுங்க. இப்பப் போனீங்கன்னா புடிச்சரலாம்” என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தேன். நாலு வீடு தாண்டியிருப்பேன். பின்னால் அந்த அம்மாவின் குரல் உடைந்து கேட்டது.

“உன்ன எத்தன திட்டியிருப்பேன் கண்ணு. பொங்கலுக்கு வந்தப்பக்கூட வஞ்சனே. ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனியா நீ?”

“உடும்மா” என்றார் மகள். “காலக் குடு. தைலம் போட்டு உடறேன்.”

பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் நடந்தேன்.